இருபது சிட்டிங்குக்கு முன்னால்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. "தும்மல் வந்தால் பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதிலேயே நின்றுவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் மூக்கு லேசாக அரித்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

நீ கேட்டது ஒரே கேள்வி. இடுப்பில் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், மெஷினில் இழுத்தே சரிசெய்கிறோம் என்கிறார்கள், இருபது சிட்டிங், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. போகலாமா? போகலாம். ஆனால் மொத்தமாகக் கட்டாதே. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். இதைப் படுத்துக்கொண்டு படி, உட்கார்ந்து படிக்காதே.

எனக்கு விலகியது உன்னுடையதற்கு ஒரு படி கீழே, எல்-ஃபைவ் எஸ்-ஒன் என்பார்கள், இடுப்பின் கடைசி முதுகெலும்புக்கும் அதன் கீழ் இருக்கிற எலும்புக்கும் நடுவில். புட்டத்தில் ஆரம்பித்துத் தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், கடைசியில் சுண்டுவிரல் வரை காய்ச்சிய கம்பியை இழுத்த மாதிரி இருக்கும். பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமலே இரண்டடி நடந்திருக்கிறேன். மூன்று வாரம் மாத்திரை, அப்புறம் பிசியோதெரபி, ஆறாவது வாரத்தில்தான் நீ சொல்கிற அந்த இழுக்கிற மேஜைக்குப் போனேன்.

மேஜை இரண்டு துண்டு. மேல்பாதி அசையாது, கீழ்ப்பாதி உருளையின் மேல் நகரும். மார்பைச் சுற்றி ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டையும் வெல்க்ரோ போட்டு இறுக்குவார்கள். அந்த இறுக்கம்தான் முதல் நாள் எனக்குப் பெரிய கஷ்டம், மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. கையில் ஒரு பொத்தான் கொடுத்து, "வலித்தால் அழுத்துங்கள், நின்றுவிடும்" என்றார் மேஜையை இயக்கிய பெண். பழைய டிராக்‌ஷனில், அதாவது இழுப்புச் சிகிச்சையில், கட்டில் கால்மாட்டில் எடையைத் தொங்கவிடுவார்கள், நினைவிருக்கிறதா? அதில் இழுக்கிற பலத்தில் பெரும்பகுதி உடம்பும் மெத்தையும் உரசுவதிலேயே போய்விடும். இங்கே கீழ்ப்பாதி நம்மோடு சேர்ந்து நகர்வதால் அந்த நஷ்டம் இல்லை. கம்ப்யூட்டர் மெதுவாக இழுக்கும், ஒரு நிமிஷம் போலப் பிடித்து வைக்கும், பாதி தளர்த்தும், மறுபடி இழுக்கும். இப்படி அரைமணி நேரம். முதல் நாள் என் எடையில் கால்பங்குதான் வைத்தார்கள், போகப்போக ஏறக்குறைய பாதி வரை கூட்டினார்கள்.

வலிக்கவில்லை, கோமதி. யாரோ பின்னாலிருந்து என் பாரத்தைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டாவது நாள் தூங்கியே போனேன். ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல தூக்கம் அதுதான்.

மூன்றாவது நாள் சொதப்பல். பட்டையை அவிழ்த்ததும் நேராக எழுந்து உட்கார்ந்தேன், செருப்பை மாட்டக் குனிந்தேன், அப்படியே பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்தார்கள். முடிந்ததும் பத்து நிமிஷம் அசையாமல் கிடந்து, பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றித்தான் எழவேண்டும் என்று அதுவரை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. காரணம் எளிது. பாரம் நீங்கினால் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். இரவு முழுக்கப் படுத்து எழுகிற நாம் காலையில் ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரமாக இருப்பதும் இதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் அதன் வெளிச்சுற்றான நார்வளையத்துக்குச் சுமை அதிகம். விண்வெளிக்குப் போகிறவர்களைப் பார். அங்கே உடம்பின் எடை தெரியாது, முதுகு ஐந்து சென்டிமீட்டர் வரை நீள்கிறது. நியாயப்படி அவர்களுக்குத்தான் உலகத்திலேயே நல்ல முதுகு இருக்க வேண்டும். ஆனால் திரும்பி வந்தபின் டிஸ்க் பிதுங்குவது அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். இதைப் படித்த அன்றைக்கே எனக்கு "நீட்டினால் சரியாகும்" என்பதில் பாதி நம்பிக்கை போய்விட்டது.

மீதிப் பாதி போனது அந்த வண்ணப்படத்தைப் பார்த்து. உனக்கும் கொடுத்திருப்பார்களே. இழுக்கும்போது டிஸ்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டிஸ்க்கின் நடுவிலிருந்து வெளியே வந்த கூழ் உள்ளே உறிஞ்சப்படுகிற மாதிரி அம்புக்குறி போட்டிருக்கும். முழுப்பொய் இல்லை. 1994-இல் ராமோஸ், மார்ட்டின் என்ற இருவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் டிஸ்க்குக்குள் ஊசி வைத்து அளந்தார்கள். மேஜை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 100 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டி இறங்கியது. சரி. ஆனால் அது இழுக்கிற நேரத்து அளவு. எழுந்து நின்றால் நம் எடை திரும்ப அதன் மேல்தானே உட்காரும்? உள்ளே போன கூழ் அங்கேயே தங்கியதா, கிழிந்த நார் ஒட்டியதா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லவில்லை.

பெரிய ஆய்வுகளைத் தேடிப் பார்த்தேன். 2013-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 32 ஆய்வுகளை, 2,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. டிராக்‌ஷன் தனியாகவோ வேறு சிகிச்சையோடு சேர்த்தோ, இடுப்புவலியைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை, காலுக்கு இறங்குகிற நரம்புவலி (சயாட்டிகா) இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றது. சிகிச்சைக்கு வழிகாட்டுகிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் இன்னும் வெளிப்படையாக, இதற்கு டிராக்‌ஷன் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. "இது டிராக்‌ஷன் இல்லை, டிகம்ப்ரஷன், அழுத்தத்தைக் குறைக்கிற சிகிச்சை" என்று உன்னிடம் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மேஜைகளை டிராக்‌ஷன் கருவி என்ற கணக்கில்தான் அனுமதிக்கிறது, ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் கருவியைப் போன்றதே என்று காட்டி வாங்குகிற அனுமதி அது.

அப்படியானால் எனக்கு எப்படிக் குறைந்தது? குறைந்தது உண்மை. பதினோராவது சிட்டிங்கில் கால்வலி கெண்டைக்காலோடு நின்றது, பதினைந்தில் தொடைக்கு ஏறியது. வலி காலிலிருந்து மேலே ஏறி இடுப்புக்கு வந்தால் நல்ல அறிகுறி. இதை 1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் தற்செயலாகக் கவனித்தார். கட்டிலின் தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்தது தெரியாமல் ஒரு நோயாளி குப்புறப் படுத்துவிட்டார், முதுகு பின்பக்கமாக வளைந்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார், எழுந்தபோது கால்வலியைக் காணவில்லை. எனக்கும் பிசியோதெரபிஸ்ட் அந்தப் பயிற்சியையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார். ஆகவே மேஜையா, பயிற்சியா, வெறும் நாள்கணக்கா, எது என்னைத் தூக்கிவிட்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நாள்கணக்கு என்பதைக் குறைத்து எண்ணாதே. பிதுங்கிய கூழை உடம்பு அந்நியப் பொருள் மாதிரி பார்க்கிறது, வெள்ளணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்துவிடுகின்றன. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முழுசாகத் துண்டாகி விழுந்த கூழ் 96 சதவீதம் பேருக்குத் தானாகச் சுருங்கியோ கரைந்தோ இருக்கிறது. வெளியே நீண்டு வந்தது 70, சற்றே துருத்தியது 41, வெறுமனே உப்பியது (பல்ஜ்) 13 சதவீதம். தலைகீழாக இருக்கிறது பார். ரிப்போர்ட்டில் எது பயங்கரமாகத் தெரிகிறதோ அதுவே அதிகம் கரைகிறது. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட வலி வேகமாகப் போனது. ஆனால் வருஷக் கடைசியில் பார்த்தால் இரண்டு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் உன்னை ஏமாற்றியவள் ஆவேன்.

இருபது சிட்டிங் முடிய ஐந்தாறு வாரம் ஆகும். பலருக்கு வலி இயற்கையாகக் குறைகிற காலமும் ஏறக்குறைய அதுவே. மேஜைக்காரர்கள் வாங்குகிற நல்ல பெயரில் எவ்வளவு அந்த வாரங்களுக்குச் சேரவேண்டியது என்று நீயே யோசித்துக்கொள். எனக்கு அந்த மேஜை செய்த பெரிய உபகாரம் வேறு. தினமும் அரைமணி நேரம் வலியில்லாமல் கிடந்தேன், அந்தத் தைரியத்தில் வீட்டுக்கு நடந்தே வந்தேன். நடந்தது நல்லதுக்கு என்றே நினைக்கிறேன். ஆகவே ஆறு சிட்டிங் போய்ப் பார், அன்றன்றைக்குக் கட்டு. வலி காலில் கொஞ்சமாவது மேலே ஏறினால் தொடரு. கீழே இறங்கினாலோ புதிதாக மரத்தாலோ அன்றைக்கே நிறுத்து.

அடியே, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வருகிறது. போன வருஷம் லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்தது என்று எழுதியிருந்தாயே? அப்போது எலும்பு அடர்த்தி பார்த்தார்களா? இந்த மேஜைக்காரர்களிடம் அதைச் சொன்னாயா? எலும்பு அடர்த்தி குறைந்தவர்களை இப்படி இழுக்கக் கூடாது. முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்கள், முதுகெலும்பில் கட்டியோ கிருமித்தொற்றோ இருப்பவர்கள், வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இது ஆகாது. மேலே "போகலாம்" என்று எழுதியதை அடித்துவிடு. அடர்த்தி பார்த்த பிறகு போகலாம். அவர்களாகவே இதைக் கேட்கவில்லை என்றால் அந்த இடமே வேண்டாம்.

இன்னொன்று, கூச்சப்படாமல் படி. சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ மேஜையும் வேண்டாம், மறுநாளும் வேண்டாம், அந்த மணியே ஆஸ்பத்திரி. அது ஆபரேஷன் அவசரம். நீ நல்ல பொழுதிலேயே யாரையும் எழுப்பத் தயங்குகிறவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். பேத்திக்கு ஒன்றரை வயது. தரையிலிருந்து அவளைத் தூக்குவதில்லை, நாற்காலியில் ஏறி நின்று கையை நீட்டினால் தூக்குவேன். அவளுக்கு அது பழகிவிட்டது, என்னைப் பார்த்ததும் நேரே நாற்காலிக்கு ஓடுகிறாள். சுண்டுவிரலில் மரப்பு இன்னும் ஒரு அரிசி அளவுக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் தெரியும் என்கிறார்கள், எனக்கு எப்போதும் தெரிகிறது.

உனக்கு விலகியிருக்கும் இடத்தில் மாட்டுகிற நரம்பு பெரும்பாலும் கால் கட்டைவிரலைத் தூக்குகிற நரம்பு. நாளைக் காலையில் சுவரோரமாக நின்று, முன்பாதத்தைத் தூக்கி, குதிகாலிலேயே பத்தடி நடந்து பார். இரண்டு பாதமும் ஒரே மாதிரி தூக்கி நிற்கிறதா, வலி இருக்கிற கால் தொப்பென்று விழுகிறதா? விழுந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, அன்றைக்கே டாக்டரைப் பார். விழவில்லை என்றால் எழுது.

அன்புடன்,
வசந்தா