விகடகவியையும் கேள்வியில் வையுங்கள்: கணினி அறிவியல் பயிற்சிகளை எழுதுவோருக்குத் திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் பயிற்சிகளை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கொண்டுவந்தது நல்ல முடிவு. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள் பலருக்கு நிரல் எழுதும் ஆசையே அதற்குப் பிறகுதான் வந்தது. நான் கேட்க வந்தது ஒன்றுதான். இஃப் என்ற நிபந்தனைக் கட்டளையைப் பழக்கும் பயிற்சிகளிலும் சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களைக் கையாளும் பயிற்சிகளிலும் தமிழ்ச் சொற்களையும் இந்த ஊர்க் கணக்குகளையும் வையுங்கள். பாடம் இதனால் கொஞ்சம் கடினமாகும். ஆகட்டும், அப்போதுதான் மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

செய்முறைப் பயிற்சியில் ஒரு சரத்தைத் தலைகீழாக்கச் சொல்கிறீர்கள். ஆங்கிலச் சொல் என்றால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். அதே வரியில் ‘விகடகவி’யைக் கொடுத்துப் பாருங்கள். எப்படிப் படித்தாலும் ஒன்றாக வரும் சொல் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பைத்தான் இல்லை என்கிறது. காரணம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் விதம். ‘வி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது வ என்ற குறியீடும், அதைத் தொடர்ந்து வரும் இகரக் குறியும். ஆக ஐந்தெழுத்துச் சொல் ஏழு குறியீடுகளாகிறது. திருப்பிப் போட்டால் இகரக் குறி, பற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் முதலில் வந்து நிற்கும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டாலும் இதே கதைதான்: நமக்கு மூன்று, பைத்தானின் லென் செயற்கூறுக்கு ஐந்து, பதினோராம் வகுப்பில் படிக்கும் சி பிளஸ் பிளஸ் மொழியின் சாதாரணச் சரத்தில், யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகள். மூன்று எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு மாணவி விளக்கிவிட்டால், சரம் என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தீர்வும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஒரு சுழற்சி, ஒரு இஃப், ஒரு பட்டியல் போதும். வரும் குறியீடு 11 உயிர்க்குறிகளில் ஒன்றா, அல்லது மெய்ப்புள்ளியா? ஆம் என்றால் பட்டியலின் கடைசி எழுத்தோடு ஒட்டு. இல்லை என்றால் புது எழுத்தாகச் சேர். அப்புறம் அந்தப் பட்டியலைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே வரும். நிபந்தனையும் சரமும் ஒரே பயிற்சியில் சந்திக்கும் இடம் இது. ஆர்வமுள்ள பிள்ளை, ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் க், ஷ என இரண்டாக உடையும் ‘க்ஷ’வை என்ன செய்வது என்று தானாகவே கேட்கும். (இதற்கென்று ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரலகமும் இருக்கிறது, ஆனால் முதலில் கையால் எழுதிப் பழகட்டும்.)

சோதனைக்குச் சொற்களைத் தேடி அலையவும் வேண்டாம். சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே மாலைமாற்றாக, அதாவது திருப்பிப் படித்தாலும் அதுவாகவே வரும்படி, ஒரு பதிகம் முழுவதையும் பாடி வைத்திருக்கிறார். மயிலாடுதுறை மாவட்டத்துப் பள்ளி ஆய்வகத்தில் அந்தப் பாட்டை உள்ளீடாகக் கொடுத்து, இடைவெளிகளை நீக்கி, சரிபார்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல சோதனைத் தரவு எனக்குத் தெரியாது.

நிபந்தனைப் பயிற்சிகளுக்கு வருகிறேன். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கேள்வியில் தயங்க இடமே இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருந்தால் நெல்லை எடுப்பார்கள். சரியாக 17 இருந்தால்? ‘சிறியது’ குறியா, ‘சிறியது அல்லது சமம்’ குறியா? அந்த ஒரு குறியில் ஒரு குடும்பத்தின் நெல் களத்திலேயே கிடக்கலாம் என்பது டெல்டா பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும். மழையில் நெல் நனைந்த சில ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்தியும் இருக்கிறது. அதனால் 17ஐ நிரலுக்குள் பதிக்காமல், வேண்டும்போது மதிப்பை மாற்றக்கூடிய மாறியில் வைக்க வேண்டும் என்பதும் கூடவே வந்துவிடும். இன்னொன்று: வரம்பு, ஈரப்பதம் இரண்டையும் விசைப்பலகையிலிருந்து பெறும் இன்புட் வழியாக வாங்கி, எண்ணாக மாற்ற மறந்துவிட்டால், பைத்தான் அவற்றைச் சரங்களாக ஒப்பிடும். அப்போது ‘9’ என்பது ‘17’ஐ விடப் பெரியது. நன்றாகக் காய்ந்த நெல்லை நிரல் திருப்பி அனுப்பிவிடும், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல்.

மேட்டூர் அணையும் அப்படித்தான். குறுவைக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதால் தேதியை மட்டும் பார்த்து நிரல் எழுதினால் 2022ஆம் ஆண்டுக்குத் தவறான விடை வரும். அந்த ஆண்டு மே 24ஆம் தேதியே திறந்தார்கள். நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் நிபந்தனைகளை இணைக்கும் ‘அண்ட்’டும் ‘ஆர்’உம் தேவையோடு வரும்.

இதற்கெல்லாம் புது மென்பொருள் வேண்டியதில்லை. பைத்தான் 3 தமிழ்ச் சரத்தை அப்படியே ஏற்கும். ஆய்வகக் கணினிகளில் தமிழ்99 விசைப்பலகையைச் செயல்படுத்தி, முதல் வாரத்தில் பிள்ளைகளைத் தட்டச்சுப் பழக விட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் மாற்ற முடியும் என்றால், சரத்தைத் தலைகீழாக்கும் பயிற்சியை மாற்றுங்கள். மதிப்பெண் தரும்போது ஆங்கிலச் சொல்லோடு ஒரு தமிழ்ச் சொல்லையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் நிரல் சொல்லித்தரும் ஒருவர்