படிப்பகத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் இயங்கிவரும் நம் படிப்பகத்தில் பொங்கல் விழாவும் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு ஆறு முறை கூட வேண்டியதில் நான்கு முறை கூடியது.

இனி மொட்டை மாடித் தொலைநோக்கி பற்றி. நூல் வாங்க வேண்டிய பணத்தில் செயலாளர் நட்சத்திரம் எண்ணுகிறார் என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியிருப்பதால், சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நாங்கள் குறிவைத்த நட்சத்திரத்துக்கு வானியல் பட்டியலில் உள்ள பெயர் எச்.டி. 209458. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து அமைக்கும் பெரிய சதுரத்துக்கு மேற்கே, ஏறத்தாழ 160 ஒளியாண்டுத் தொலைவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலில் அது இருக்கிறது. வியாழனைவிட அகலமான ஒரு கோள் அதனைச் சுமார் 70 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. நம் புதன்கூடச் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்பதை நினைத்தால் அந்த நெருக்கம் விளங்கும். அங்கே ஓராண்டு என்பது மூன்றரை நாள். அந்தக் கோளை நாம் கண்ணால் காணப்போவதில்லை. அது நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும் மூன்று மணி நேரத்தில் நட்சத்திர ஒளி நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு குறையும், அதை அளப்பதே வேலை. 1999இல் வானியலாளர் டேவிட் சார்போனோ குழுவினர் இக்கடப்பைப் பதிவு செய்தது 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியில்தான். நம்முடையது 15 சென்டிமீட்டர் என்பதைப் பொருளாளரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அக்கோள் இருமுறை சுற்றிவர 7 நாளும் 1 மணி 11 நிமிடமும் ஆவதால், ஒரு சனிக்கிழமை மாலையில் தொடங்கும் கடப்பு அடுத்த சனிக்கிழமை 1 மணி 11 நிமிடம் பிந்தித் தொடங்கும். இந்தக் கணக்கை முன்கூட்டியே அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுத்திருந்தேன்; நேரம் தெரியாது என்று எவரும் சொல்ல இடமில்லை. முதல் இரண்டு சனிக்கிழமைகளை ஐப்பசி மழை கொண்டுபோயிற்று. மூன்றாவது வாரம் வாட்ஸப்பில் 26 பேர் கட்டைவிரலை உயர்த்தினர். மாடிக்கு வந்தவர்கள் நால்வர், அவர்களில் ஒருவர் சாவி கொண்டுவந்த காவலாளி.

நிமிடத்துக்கு ஒரு படமெடுத்து, பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு ஒளியைக் குறித்துவந்தோம். முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். தூறல் விழுமோ என்று துணி எடுக்க வந்த கீழ்வீட்டு அம்மா மாடி விளக்கைப் போட்டார். பன்னிரண்டு படங்கள் வெளுத்துப் போயின. அவரைக் குறை சொல்வதற்கில்லை. இது சனிப்பெயர்ச்சியா என்று கேட்டாரே, அதுகூட நம் உறுப்பினர் எவரும் கேட்காத கேள்வி. பதினொரு மணிக்கு மேகம் மூடிவிட்டது. எஞ்சிய புள்ளிகளைத் தாளில் இட்டபோது, அவை சிதறிக் கிடந்தாலும் ஒளி இறங்கிய பள்ளத்தின் இடது கரை தெரிகிறது. வலது கரை இல்லை. அத்தாளை அறிவிப்புப் பலகையில் சந்தா பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் பார்க்காமல் கடப்பவர்களே அதிகம்.

அந்தப் பட்டியல் பற்றியும் சொல்லியாக வேண்டும். 58 உறுப்பினர்களில் 31 பேரின் சந்தா வரவேண்டியுள்ளது. ஆண்டுக்கு 300 ரூபாய் பெரிய தொகையன்று. பாக்கி வைத்தவர்களில் சிலர்தாம் தொலைநோக்கிச் செலவை வன்மையாகக் கண்டித்தவர்கள் என்பது வியப்பளிக்கிறது. வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகியுள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தொலைநோக்கியைத் தாங்கும் மோட்டார் செலவில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொண்டதை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

மாடியைத் தந்த கட்டட உரிமையாளர், காமிராவை இரவல் தந்த அன்பர், தேநீர் அனுப்பிய கடைக்காரர், காவலாளி ஆகியோருக்கு நன்றி.

என் பதவிக்காலம் இத்துடன் முடிகிறது. பொறுப்பேற்க எவரேனும் முன்வந்தால் சாவியையும் கணக்கேட்டையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால், வரும் கார்த்திகைக்குரிய நேரப்பட்டியலைத் தயாரித்துவிட்டேன். வலது கரையைப் பிடிக்க மாடி விளக்கின் சுவிட்சருகே நிற்க ஓர் ஆள் மட்டும் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்