நேரக் கணக்கு

ஆசிரியருக்கு,

உங்கள் இதழின் பயண இணைப்பில் மும்பை–லண்டன் தூரம் 7,200 கி.மீ., விமான வேகம் மணிக்கு 900 கி.மீ., ஆகவே 8 மணி நேரம் என்றிருந்தது. தூரம் ஏறக்குறைய சரி, நேரம்தான் உதைக்கிறது. அந்த 7,200 பூமி உருண்டையின்மேல் மிகக் குறுகிய வளைகோடு. விமானம் அதை அப்படியே பிடித்துப் பறப்பதில்லை. 2019-ல் பாகிஸ்தான் வான்வெளி மூடியபோது டெல்லி விமானங்கள் எவ்வளவு சுற்றின! தவிர, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். எனவே போக ஒன்பதரை, பத்து மணி நேரம் ஆகும். வருவதற்குச் சுமார் ஒன்பது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். மும்பையில் மதியம் 2-க்குக் கிளம்பி லண்டனில் மாலை 6.30-க்கு இறங்கினால் பயணம் நாலரை மணி நேரமல்ல. லண்டன் நேரம் நமக்குப் பின்தங்கியிருப்பதால் குளிர்காலத்தில் ஐந்தரையும், அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடையில் நாலரையும் கூட்ட வேண்டும். மாட்டுங்காவிலிருந்து விமான நிலையம் போகும் நேரம் தனி!

– வாசகர், மாட்டுங்கா, மும்பை