பேராசை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளைய குற்றக் கும்பல்கள் எப்படி இருக்கும் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேராசைப்படுபவர்கள்தான் சிக்குகிறார்கள் என்று அதில் ஒரு வரி. அதை எழுதியவர் கேரள எல்லையில், பாலக்காட்டில் இருக்கும் எங்கள் பக்கம் ஒருமுறை வந்து போயிருக்கலாம்.

2023-ல் கோழிக்கோட்டில் ஒருவர் 40,000 ரூபாய் இழந்தார். கூட வேலை பார்த்த பழைய நண்பரின் முகத்தோடும் குரலோடும் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு என்றதும் அனுப்பிவிட்டார். செயற்கை நுண்ணறிவு செய்த முகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இதில் எங்கே பேராசை? போலீஸ் என்று வீடியோ அழைப்பில் வந்தவர்களால் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்டு, பென்ஷன் பணம் முழுவதையும் அனுப்பியவர்களிடம் இருந்தது பயம். உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் தெருப் பையன் ஒருவன், என்னிடம் படித்தவன், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தான். மாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னார்களாம். அம்மா தென்னந்தோப்புக் கூலி, பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் பாக்கி. ஒருநாள் கணக்கு முடங்கியது. எங்கோ வடக்கே யாரோ ஏமாந்த பணம் அதன் வழியாகப் போயிருக்கிறது. அதே கணக்கில் வரவேண்டிய உதவித்தொகையும் நின்றுபோயிற்று. வங்கிக்கு நான்தான் கூடப் போனேன். வேற்று மாநிலப் போலீஸ் சொல்லி நிறுத்தியது, அங்கே போய்ப் பேசுங்கள் என்றார்கள். அந்த அம்மா பாலக்காட்டைத் தாண்டியதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவு சைபர் குற்றத்தையும் அமைப்புசார் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. தெரிந்தே உதவியவர்களுக்கும் குறைந்தது 5 ஆண்டு சிறை. பையனிடம் கார்டும் சிம்மும் வாங்கிக்கொண்டு போனவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. 1996-ல் கேரளம் சாராயத்தைத் தடை செய்த பிறகு வாளையாறு, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லை நெடுக ஸ்பிரிட், அதாவது கள்ளச்சாராயத்துக்கான எரிசாராயம், கடத்தி வந்தார்கள். பிடிபட்டவன் லாரி டிரைவரும் கேன் தூக்கியவனும்தான். யாருக்காகத் தூக்கினோம் என்றே பலருக்குத் தெரியாது. இன்று கேனுக்குப் பதில் வங்கிக் கணக்கு. ராத்திரி செக்போஸ்ட்டைத் தாண்டும் வேலைகூட இல்லை. பணம் நிமிடத்தில் நாலு மாநிலம் போய்விடுகிறது. புகார் மட்டும் எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. இனி வரும் கும்பலுக்குத் தலைவன் ஊரில் இருக்க வேண்டியதில்லை, பணமுடையில் இருக்கும் பிள்ளைகள் இருந்தால் போதும். கட்டுரையில் இதைத் தேடினேன், இல்லை.

எங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தால் ரேஷன் அரிசி பிடிபட்டது, கள்ளில் ஸ்பிரிட் கலந்தது, இவ்வளவுதான். இங்கே தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பதையும், அரசு அறிவிப்புகள் மலையாளத்தில் மட்டும் வருவதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் அச்சேறவில்லை. பல ஆண்டு வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு வலிக்கிறது.

அப்புறம், அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, அனுபவம் தேவையில்லை, கைநிறையச் சம்பளம்'. கீழே ஒரு செல்போன் எண், அவ்வளவுதான். இப்படி ஆசைகாட்டி அழைத்துப் போகப்பட்டு மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இந்தியர்கள் 500-க்கும் மேற்பட்டவர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டு வந்த செய்தியை நீங்களும் போட்டீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாத விளம்பரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதே பக்கத்தில் சைபர் புகாருக்கான 1930 என்ற எண்ணையும், கணக்கை வாடகைக்கு விடுவது குற்றம் என்பதையும் தமிழில் ஒரு சிறு கட்டத்தில் தினமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.