காவல் நிலையத்தை ஆய்வு செய்ய வெளியாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்.பி. வருடாந்திர ஆய்வுக்கு வருகிறார் என்றால் எங்கள் டெல்டா பக்கத்து ஸ்டேஷன்களில் ஒரு வாரம் முன்பே சுண்ணாம்பு அடித்து, வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் மணல் லாரிகளை ஓரங்கட்டி, பதிவேடுகளுக்குப் புது அட்டை போட்டு விடுவார்கள். ஆய்வு செய்பவரும் அதே துறைதான். ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

போன குறுவையில் எங்கள் போர்செட் மோட்டார் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போனால், ரைட்டர் அதை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு "ஐயா பந்தோபஸ்துல இருக்கார், அப்புறம் வாங்க" என்றார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கவே கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். சரி, சொன்னார்களா இல்லையா என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ப் பார்ப்பது யார்?

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஆணையம் வேண்டும், மாநில அளவில் ஓய்வு பெற்ற நீதிபதியும் மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும் என்று போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. 2013-ல் நம் மாநிலம் கொண்டுவந்த சட்டத்திலோ உள்துறைச் செயலாளரையும் கலெக்டரையும் தலைவராக்கி, டிஜிபியையும் எஸ்.பி.யையும் உறுப்பினராக்கி வைத்தார்கள். எஸ்.பி.யின் கீழ் வேலை பார்ப்பவர் மீதான புகாரை எஸ்.பி.யே உட்கார்ந்து கேட்டால் யார் துணிந்து போவார்கள்?

அந்த ஆணையம் ஒழுங்காக அமைந்தாலும் அது அடி விழுந்த பிறகு போகிற இடம்தான். நான் கேட்பது அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஆய்வு. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு, உயர் நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோதுதான் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. முன்கூட்டியே சொல்லாமல் வெளியாள் ஒருவர் வந்து பார்க்கிற வழக்கம் இருந்திருந்தால் அது ஒரே நாளில் வெளிப்பட்டிருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதையும் யாராவது நேரில் போய்த்தானே பார்க்க வேண்டும்?

வட அயர்லாந்தில் 2004 முதல் இதற்கென்றே ஒரு தனி ஆய்வு அமைப்பு இருக்கிறது. போலீஸ், அரசு வழக்கறிஞர் துறை, கோர்ட் நிர்வாகம், சிறை எல்லாவற்றையும் அந்த ஒரே அமைப்பு ஆய்வு செய்து அறிக்கையை வெளியிடுகிறது. நமக்கு இது ரொம்பவே தேவை. இங்கே போலீஸில் கேட்டால் சார்ஜ் ஷீட் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்பார்கள், கோர்ட்டில் கேட்டால் இன்னும் கேஸ் நம்பர் ஆகவில்லை என்பார்கள், நடுவில் அலைகிறவன் கூலியையும் பஸ் காசையும் விட்டுக்கொண்டே இருப்பான்.

நம்மால் ஆகாத காரியமும் இல்லை. நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை வைத்தபோது வேறு ஊராட்சியிலிருந்து ஆட்கள் வந்து வாய்க்காலை டேப் வைத்து அளந்தார்கள், வீடு வீடாக அட்டையைப் பார்த்தார்கள், கண்டதைக் கிராம சபையில் வாசித்தார்கள். வெட்டாத வாய்க்காலுக்கு அவ்வளவு கணக்குக் கேட்க முடிந்தபோது, ஒரு ஆளை உள்ளே உட்கார வைக்கிற அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா?

அடுத்த காவல் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எம்.எல்.ஏ.க்கள், எந்தக் கட்சியானாலும், இதைக் கேட்க வேண்டும். முதலில் ஒரு மாவட்டத்தில் துறைக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்டு ஆய்வு நடத்தி, அறிக்கையைத் தமிழில் அந்தந்த ஸ்டேஷன் வாசலிலேயே ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தஞ்சாவூர் மாவட்டம்.