கடலூர்க் கடலை அளக்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, முதுநகர் மக்களுக்குக் கடலாய்வுக் குழுவினரின் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழையில் பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் கடலில் எவ்வளவு தூரம் பரவுகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கும் வேலை உங்கள் ஃபைபர் படகுகளில்தான் நடந்தது. கருவி எங்களுடையது. அது சரியாக அளந்தது உங்களால்.

முதல் நன்றி, அமரத்தில் (படகின் பின்முனையில்) எஞ்சின் பிடித்த அண்ணன்மாருக்கு. உப்பும் வெப்பமும் அளக்கும் கருவியை இறக்கும்போது படகு காற்றில் ஒதுங்கினால் கயிறு சாயும். 40 பாகை சாய்ந்தால், 20 மீட்டர் கயிறு விட்டும் கருவி 15 மீட்டரில்தான் நிற்கும். அணியத்தை (படகின் முன்முனையை) காற்றுக்கு எதிரே திருப்பி, எஞ்சினை விட்டு விட்டுக் கொடுத்து நீங்கள் படகை நிறுத்தியதால் கயிறு செங்குத்தாக நின்றது. மேல்தண்ணீரில் 2 நிமிடம் கருவியைப் பிடித்துவைக்கக் கேட்டோம். குழாய்க்குள் காற்றுக்குமிழி தங்கினால் உப்பு குறைவாகக் காட்டும் என்பதால். கரை திரும்பும் அவசரத்திலும் அந்த 2 நிமிடத்தை யாரும் குறைக்கவில்லை. அதன்பின் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறக்கினீர்கள். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் அடுக்கு மெல்லியது. வேகமாக விட்டால் அது பதிவில் சிக்காது.

அடிச்சேறு அள்ளும் இரட்டைத்தாடை வாளிக்கு வேறு சிக்கல். அலை படகை இறக்கும் கணத்தில் கயிறு தொய்ந்தால் தாடைகளைத் திறந்து பிடித்திருக்கும் கொக்கி நடுவழியிலேயே கழன்று, வாளி வெறுமையாக வரும். அலையோடு கை கொடுத்துக் கயிற்றை இறுக்கமாகவே விட்ட தம்பிகளுக்குத் தனி நன்றி. தாடையில் சிப்பி இடுக்கியிருந்தால் மேலே வரும் வழியில் சேறு கரைந்து ஒழுகிவிடும். "அதைக் கொட்டிட்டு மறுபடி போடுங்க சார்" என்று சொன்னதும் அவர்கள்தான். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார் (கடலடிப் பாறை) என்று முன்கூட்டியே சொன்னதால் வாளி பாரில் மோதி உடையாமல் தப்பியது.

முதுநகர் லேத் பட்டறைக்காரர், கடலில் நாங்கள் நிறுத்தும் மிதவையின் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலியில் மாட்டியிருந்த எவர்சில்வர் ஷேக்கிளை (இணைப்பு வளையத்தை)ப் பார்த்ததுமே கழற்றச் சொன்னார். உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் சங்கிலியின் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் கரைந்து, பிறகு இரும்பும் மெலியும். ஜி.ஐ. ஷேக்கிளே போட்டு, அலையின் ஆட்டத்தில் திருகு கழலாதபடி கம்பியால் கட்டியும் கொடுத்தார்.

பாசி அளக்கும் தண்ணீர்க் குப்பிகள் வெளிச்சமும் சூடும் படாமல் இருக்க ஐஸ் உடைத்துத் தந்தவர்களுக்கும், மஞ்சள் மிதவையைச் சுற்றி வலை விட வேண்டாம் என்று மைக்கில் அறிவித்த ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் நன்றி. இழுவலை ஒருமுறை மாட்டினாலே மிதவையும் போகும், வலையும் கிழியும்.

அளவுகளைத் தமிழில் எழுதி மீன் ஏலக்கூடச் சுவரில் ஒட்டுகிறோம். நீங்கள் கடலில் பார்த்ததற்கும் அதற்கும் எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால், அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். அந்த இடத்தை மறுபடி அளக்கிறோம்.

நன்றியுடன்,
கடலாய்வுக் குழுவினர், கடலூர்