நட்பைத் தூண்டிலாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிழைப்புக்காக அயல்நாடு செல்லும் கிறிஸ்தவர்கள் தங்கள் வேலையை ஒரு போர்வையாக வைத்துக்கொண்டு மதம் பரப்புகிறார்கள் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் 14 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற கிறிஸ்தவன் என்ற முறையில் அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதிலிருந்த கோபம் எனக்கு வருத்தம் தந்தாலும், அவர் சுமத்திய குற்றத்தில் ஒரு பங்கு உண்மை என்பதை நான் மறுக்க முடியாது. அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் சென்று வந்த ஜெபக்குழுவில், உடன் பணியாற்றுவோரில் ஐந்து பேரைத் தெரிந்துகொண்டு அவர்களோடு பழக வேண்டும் என்றும், எத்தனை முறை சந்தித்தோம், எத்தனை முறை சுவிசேஷம் பேசினோம் என்று மாதக் கடைசியில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நானும் ஒரு குறிப்பேட்டில் பெயர்களை எழுதி, எதிரே தேதிகளைக் குறித்து வந்தேன். இரவுப் பணியில் என்னோடு இருந்த நண்பர் ஒருநாள் பேனா தேடி என் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, அவருக்கும் வாசிக்கத் தெரிந்த மொழியில் நான் எழுதியிருந்த அந்தக் குறிப்பேடு அவர் கையில் அகப்பட்டது. சில வாரங்களுக்கு முன் அவருடைய குழந்தை கடும் காய்ச்சலில் கிடந்த இரவில் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தேதிக்கு நேரே "வீட்டுச் சந்திப்பு 1" என்று எழுதி வைத்திருந்தேன். அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்து, "அன்றைக்கு நீங்கள் வந்தது இதற்காகத்தானா?" என்று மட்டும் கேட்டார். நான் போனது குழந்தைக்காகத்தான். ஆனால் அவர் கையிலிருந்த தாள் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் வாயால் சொல்வதை அவர் எப்படி நம்புவார்?

இதை எழுதுவது, விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்கவே கூடாது என்பதற்காக அல்ல. ஒருவன் தன் உயிருக்கு மேலாக மதிக்கும் ஒன்றை நெருங்கிய நண்பனிடம் சொல்லாமல் மறைத்தால், அந்த நட்பிலும் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நட்பையே அதற்கான கருவியாகப் பயன்படுத்துவதுதான் தவறு.

எங்கள் வட்டாரத்தில் இப்படிச் சொந்தத் தொழில் செய்து பிழைத்துக்கொண்டே கிறிஸ்துவுக்குச் சாட்சியாக வாழ்வதைக் கூடாரத் தொழில் ஊழியம் என்பார்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்திலிருந்து வந்த சொல் அது. பேரரசன் கிலவுதியு யூதர்களை ரோமாபுரியைவிட்டு வெளியேறக் கட்டளையிட்டதால் கொரிந்துக்கு வந்து சேர்ந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரின் வீட்டில் அப்போஸ்தலராகிய பவுல் தங்கி, மூவருக்கும் ஒரே தொழிலாகிய கூடாரம் செய்யும் வேலையைச் சேர்ந்து செய்தார். மூவருமே அந்த நகரத்துக்கு அயலார். பவுலுக்குத் தொழில் ஒரு போர்வையாக இருந்ததில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறேன். ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் உழைத்ததாக அவர் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் எல்லாரும் அறியவே பேசினார். அவர் யார், எதை நம்புகிறார் என்பதில் கொரிந்து நகரத்தில் எவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்து கரீபியக் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவுக்கு ஊழியத்துக்காகப் புறப்பட்ட, மொராவியர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த சகோதரர்கள் இருவரில் லியோன்ஹார்ட் டோபர் குயவர், டேவிட் நிட்ச்மன் தச்சர். தச்சருக்கு வேலை கிடைத்தது. குயவருக்கோ ஏற்ற களிமண் கிடைக்கவில்லை. பிறகு டோபருக்கு ஆளுநர் வீட்டில் நல்ல பணி அமைந்தது. ஆனால் அந்த வசதியான வாழ்வு, யாரோடு பழக அவர் கடல் கடந்து வந்தாரோ அந்த அடிமை மக்களிடமிருந்து அவரைப் பிரித்தது; ஆகவே அதை விட்டுவிட்டு எளிய வேலைக்குப் போனார். எந்த வேலை நம்மை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறது என்று யோசித்த மனிதர் அவர். இன்று உயர்ந்த பதவியில் அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் அவரை அறிந்திருந்தால் நல்லது.

வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும் என்பதை எனக்குப் போதித்தது ஆய்வகம்தான். ஓர் இரவு பொட்டாசியம் அளக்கும் கருவியில் மின்முனையை மாற்றிய பிறகு, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை வைத்துச் சரிபார்க்காமலே நோயாளிகளின் இரத்த மாதிரிகளை ஓட்டிவிட்டேன். விடியற்காலையில் கன்ட்ரோலை வைத்தபோது அளவு வரம்புக்கு மேலே நின்றது. அதற்குள் 11 பேரின் முடிவுகள் வார்டுகளுக்குப் போய்விட்டன. பொட்டாசியம் அளவு தவறினால் மருத்துவமும் தவறிவிடும் என்பதால், உடனே வார்டுகளுக்குத் தொலைபேசியில் சொல்லி, மேற்பார்வையாளரிடம் என் பிழையை எழுதிக் கொடுத்து, எல்லா மாதிரிகளையும் மறுபடி ஓட்டினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கருவியின்மேல் பழியைப் போட்டிருக்கலாமே, ஏன் அப்படிச் செய்யவில்லை என்று அதே இரவுப்பணி நண்பர் கேட்டார். குறிப்பேட்டைப் பார்த்த நாளுக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு மாதங்கள் கழித்து அவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லப் போனால் நான் கிறிஸ்துவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பேசினேன். தம்முடைய மார்க்கத்தில் பொய்யைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று அவரும் விரிவாகச் சொன்னார், நான் கேட்டேன். பேதுரு தம் முதல் நிருபத்தில், "விசாரித்துக் கேட்கிற" எவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதியதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சாட்சி சொல்வதற்கும் முறைகேடாக மதம் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றமும் பேசியிருக்கிறது. கிரேக்க நாட்டில் மதமாற்ற முயற்சிக்காகத் தண்டிக்கப்பட்ட மினோஸ் கொக்கினாக்கிஸ் என்ற யெகோவா சாட்சிக்காரரின் வழக்கில், 1993இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய மத சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அதேவேளை, பொருளுதவியோ சமூகச் சலுகையோ காட்டி இழுப்பதும், துன்பத்தில் இருப்பவர்களை நெருக்குவதும் உண்மையான சாட்சியாகாது என்பதையும் எடுத்துக்காட்டியது. 2011இல் வத்திக்கானின் சமய உரையாடல் மன்றம், உலகத் திருச்சபைகளின் மாமன்றம், உலக நற்செய்தி ஐக்கியம் ஆகிய மூன்றும் கூடி வெளியிட்ட நடத்தை நெறிகளும் பணத்தாலும் பரிசாலும் கவர்வதைக் கண்டிக்கின்றன. ஆகவே இது என் ஒருவனுடைய மனச்சாட்சியின் உறுத்தல் மட்டும் அல்ல. மேலதிகாரி தமக்குக் கீழே உள்ளவரிடம் விசுவாசத்தைப் பேசும்போது, கேட்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் உண்மையில் இருக்கிறதா என்பதையும் இத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

மதப் பிரசாரத்தைச் சட்டம் தடுக்கும் நாடுகள் பல உண்டு. அங்கே வேலைக்குச் செல்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்தச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். துணிச்சலாகப் பேசிவிட்டுப் பெருமைப்படும் இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிரச்சினை என்று வந்தால் நமக்கு விசா போகும், ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள், நாம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்டு நண்பருக்கு என்னென்ன போகும்? குடும்பம், வேலை, சில இடங்களில் அதற்கு மேலும். அந்த ஆபத்தைச் சுமப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். நம் ஆர்வத்தின் பெயரால் நாம் அதை அவர்மேல் ஏற்றிவிடக் கூடாது.

தங்கள் வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது, அவர் கண்ட தவற்றைச் செய்தவர்களில் திருந்தியவர்களும் இருக்கிறோம் என்பதே. அந்தக் குறிப்பேட்டுத் தாளைக் கிழித்து நண்பரிடமே கொடுத்துவிட்டேன். அதன்பின் ஜெபக்குழுவில் எவர் பெயரையும் கணக்காகச் சொன்னதில்லை. நான் ஓய்வுபெற்று வந்து 9 ஆண்டுகள் ஆன பிறகும் நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். அன்று காய்ச்சலில் கிடந்த குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. நண்பர் இன்றும் தம் மார்க்கத்திலேயே இருக்கிறார். அவருக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். அது அவருக்கும் தெரியும், ஏனெனில் நானே அதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்